மெதுவாண்ணன் வீடு மாறிய நாள்

வீட்டுச் சாமான்களை ஏற்றி இறக்கும் நிறுவனம் எங்களுடையது. ஒரு வண்டிக்கு நான்கு பேர். வண்டியும் ஓட்டி, சாமானுக்குத் தோளும் கொடுப்பவர் டிரைவர். எதையும் துணி சுற்றிக் கட்டுவதில் கெட்டிக்காரன் ஒருவன், அவனைக் கயிறு என்றே கூப்பிடுவோம். மாடிப்படியில் பீரோ இறங்கும்போது கீழ்ப்பக்கம் நிற்பவன் நான். பாரமெல்லாம் அந்தப் பக்கம்தான் வந்து உட்காரும். அதனால் அந்த இடத்துக்கு இன்றுவரை யாரும் என்னோடு போட்டிக்கு வந்ததில்லை.

நான்காவது ஆள் மெதுவாண்ணன். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. "மெதுவா... மெதுவா... சுவரு, சுவரு!" என்பதைத் தவிர வேறு எந்த வேலையும் அவர் பார்த்து நாங்கள் பார்த்ததில்லை. அதனால் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவரோ அதை யாரோ மேடையேற்றிக் கொடுத்த பட்டம் போல வைத்துக்கொண்டார்.

அவரும் எங்களைப் போலத் தூக்குவதற்காக வந்தவர்தான். சேர்ந்த புதிதில் இடுப்பில் நிஜமாகவே ஒரு பிடிப்பு வந்தது. கொஞ்ச நாள் பாரம் தூக்கவேண்டாம் என்றார் டாக்டர். அந்தக் கொஞ்ச நாள் வருடக்கணக்கில் நீண்டது. இடுப்பு சரியாகிவிட்டது, டாக்டரின் வார்த்தையை மட்டும் அவர் விடவில்லை.

ஆனால் மனிதர் சும்மா நின்றார் என்று சொன்னால் பாவம். ஓயாமல் நடித்துக்கொண்டிருந்தார். முதலாளி வரும் சத்தம் கேட்டால் கையில் ஓர் அட்டைப்பெட்டி ஏறிவிடும், அது காலியாகத்தான் இருக்கும். வீட்டுக்காரர்கள் முன்னால், "உங்க சாமான் எங்க வீட்டுச் சாமான் மாதிரிம்மா" என்று உருகுவார். ஏதாவது உடைந்தால், "சொன்னா பசங்க கேக்கறதில்ல சார்." உடையாமல் போய்ச் சேர்ந்தால், "நான் நின்னு பாத்தேன்ல." எங்களிடம் வந்தால் மேலதிகாரி.

நாங்கள் மட்டும் யோக்கியமா? ஒருவன் காலாட்டிக்கொண்டு இருக்க வேண்டுமென்றால் மற்ற மூவரும் அதற்குத் தோதாக நடந்துகொள்ள வேண்டும். கயிறு முணுமுணுப்பான். டிரைவர், "விடுப்பா, பெரியவரு" என்று சமாதானம் செய்வார். நான் வாயே திறக்கமாட்டேன். இந்த மூன்று வேடங்களும் எங்களுக்குப் பழகிப்போயிருந்தன.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது அவர் குடியிருந்த வீட்டை உரிமையாளர் விற்றுவிட்டார். சில தெரு தள்ளி வேறு வீடு கிடைத்தது. முதலாளி ஞாயிற்றுக்கிழமைக்கு வண்டியைக் கொடுத்தார்.

"நம்ம நாலு பேரும் சேந்தா மத்தியானத்துக்குள்ள முடிச்சிரலாம்" என்றார் மெதுவாண்ணன்.

"யாருண்ணே அந்த நாலாவது ஆளு?" என்று கேட்டான் கயிறு. அவர் காதில் விழவில்லை. வேண்டாதது எதுவும் அவர் காதில் விழாது.

அவர் மனைவியை அந்த ஞாயிற்றுக்கிழமைதான் முதன்முதலாகப் பார்த்தோம். சமையலறையை அண்ணி முன்தினமே கட்டி முடித்திருந்தார். கயிறு ஒரு பெட்டியை லேசாக ஆட்டிப் பார்த்தான். உள்ளே கண்ணாடிக் குவளைகள், சத்தமே இல்லை. புருவத்தை உயர்த்தி என்னைப் பார்த்தான்.

"வாங்க தம்பி" என்றார் அண்ணி. "பாத்துத் தூக்குங்க. இவர மாதிரி இடுப்ப ஒடிச்சிக்காதீங்க. போன மாசம்கூட யாரு வீட்லயோ ஒத்தையாளா ஃபிரிட்ஜத் தூக்கிட்டு வந்து படுத்துட்டாரு. தெனமும் தைலம் தேய்ச்சு என் கை காய்ச்சுப்போச்சு."

டிரைவர் குனிந்து செருப்பைச் சரிசெய்தார். கயிறுக்கு இருமல் வந்தது. மெதுவாண்ணன் மின்விசிறியைக் கழற்ற வேண்டுமா என்று கூரையையே ஆராய்ந்துகொண்டிருந்தார்.

இரண்டாவது மாடியிலிருந்து பீரோவை இறக்கினோம். மேலே டிரைவர், பக்கத்தில் கயிறு, கீழே நான். படி திரும்பும் இடத்தில் பீரோ சிக்கிக்கொண்டது. மெதுவாண்ணன் மேல்படியில் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார். "மெதுவா... சுவரு, சுவரு!"

பின்னால் கண்ணாடியோடு வந்த அண்ணி நின்றார். "நீங்க எந்தப் பக்கம் புடிக்கப்போறீங்க?"

"யாராச்சும் ஒருத்தர் பாக்கணும்ல?"

"நானும்தான் பாக்கறேன். நல்லாவே தெரியுது."

டிரைவரின் கை வழுக்கத் தொடங்கியது. "அண்ணே, ஒரு கை குடுங்க!" என்று கத்தினார். மெதுவாண்ணன் இன்னும் ஒரு படி மேலே ஏறிக்கொண்டார், அங்கிருந்து பார்த்தால் இன்னும் நன்றாகத் தெரியும் போல. அண்ணி கண்ணாடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, "தள்ளுங்க" என்று கணவரை ஒதுக்கிவிட்டு வந்து பீரோவின் மேல்முனையைப் பிடித்தார். பீரோ நகர்ந்தது.

கீழே வந்ததும் அண்ணி மூச்சு வாங்க என்னிடம் கேட்டார். "தம்பி, அந்த ஃபிரிட்ஜ யாரு தூக்குனது?"

எத்தனையோ வருடமாக வாய் திறக்காதவன் நான். ஏனோ அன்றைக்குத் திறந்துவிட்டேன். "எந்த ஃபிரிட்ஜா இருந்தாலும் நாங்க மூணு பேருதான், அண்ணி."

அண்ணி மறுபடியும் படியேறிப் போய் ஒரு பெட்டியோடு இறங்கினார். அவருக்குப் பின்னால் மெதுவாண்ணனும் ஒரு சுமையோடு இறங்கி வந்தார். தலையணை. இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

புது வீட்டில் எல்லாம் இறக்கி முடிந்ததும் மெதுவாண்ணன் பாயை விரித்துப் படுத்து, "அம்மா, இடுப்பு" என்றார். அண்ணி தைலப் புட்டியைத் தேடி எடுத்து வந்து கயிறின் கையில் கொடுத்தார். "கொண்டு போங்க தம்பி. தூக்குனவங்களுக்குத்தான வலிக்கும்."

அண்ணி கட்டிய பெட்டிகளில் ஒரு குவளைகூட விரிசல் விடவில்லை. டிரைவர் இதை முதலாளியிடம் சொல்ல, கண்ணாடிச் சாமான் கட்ட ஆள் தேடிக்கொண்டிருந்த அவர் அண்ணியை வேலைக்குக் கூப்பிட்டார். மெதுவாண்ணன் குதித்தார்.

"பொம்பளைக்கு இந்த வேலை ஒத்துவராது. இடுப்பு ஒடிஞ்சிரும்."

"இத்தன வருஷமா உங்களுக்கே ஒடியல. எனக்கு மட்டும் ஒடிஞ்சிருமா?" என்றார் அண்ணி.

அண்ணி வந்த முதல் நாள் மெதுவாண்ணன் ஒரு நாற்காலியைத் தூக்கி வண்டிவரை கொண்டுவந்து வைத்தார். வைத்துவிட்டு எங்கள் முகங்களைச் சுற்றிப் பார்த்தார். யாரும் கை தட்டவில்லை. அந்த வாரமே முதலாளியிடம் போய், அனுபவஸ்தன் ஆபீஸில் இருப்பதுதான் கம்பெனிக்கு நல்லது என்று பேசி நாற்காலியும் டெலிபோனும் வாங்கிக்கொண்டார். கூப்பிடுகிறவர்களிடம், "பயப்படாதீங்க, நானே உருவாக்குன டீம்" என்கிறாராம்.

சமீபத்தில் ஒரு வீட்டில் அம்மாள் ஒருவர் எங்கள் முகங்களை ஏமாற்றத்தோடு எண்ணினார். "போன்ல பேசுனாரே, அவரு வரலியா? முப்பது வருஷமா எல்லாத்தையும் அவரேதான் தூக்கறதாச் சொன்னாரே?"

நான் வழக்கம்போல் பேசாமல் நின்றேன். அண்ணி ஒரு பீங்கான் கோப்பையைக் காகிதத்தில் உருட்டிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார். "அவரு இப்ப போன் மட்டும்தாங்க தூக்கறாரு."