ஓரா முள்

என் மச்சான் செங்கோடன் இருபத்தாறு வருடமாக லாரி ஓட்டுகிறவர். சங்ககிரிக்காரர். லாரிக்காரனுக்குப் பெண் தர யாரும் முன்வராததால் கல்யாணம் ஆகவில்லை. அப்பா அம்மா போய்ச் சேர்ந்த பிறகு அவருக்கென்று இருப்பது ஒரே தங்கை, என் மனைவி சௌந்திரம். அதற்கப்புறம் மீன்.

காவிரிக் கரையில் வளர்ந்த மனுசனுக்குக் கடல் மீன் பைத்தியம் பிடித்தது தூத்துக்குடியில் லோடுக்குக் காத்திருந்தபோதுதான். அங்கே சில சமயம் மூன்று நாள்கூடக் காத்திருக்க வேண்டும். மற்ற டிரைவர்கள் சீட்டாடுவார்கள், தூங்குவார்கள். இவர் சீட்டுக்குப் பின்னால் செருகியிருக்கும் தூண்டிலை எடுத்துக்கொண்டு கடலோரப் பாறைக்குப் போய்விடுவார்.

அங்கிருந்து எனக்குப் போனில் பாடம் நடக்கும்.

"மாப்ள, கெழங்கான் வெள்ளிக்கம்பியாட்டம் நீட்டமா இருக்கும். மணல் தரையில, அலை ஒடையற எடத்துல எறாத் துண்டப் போட்டீங்கன்னா கடிச்சுப்போடும். பாறை மீனுக்கு வாலுகிட்டச் செதிலு தடிச்சு ரம்பமாட்டம் நிக்கும். வெடியால சின்ன மீனத் தொரத்திக்கிட்டுக் கரையோரம் வரும். வெளமீனு கல்லுச் சந்துல. சீலா மாட்டுச்சுன்னா வாயிகிட்ட மட்டும் கை வெச்சராதீங்க, பல்லு!"

ஆட்டையாம்பட்டியில் விசைத்தறி ஓட்டுகிற எனக்கு இதனால் ஆகப்போவது என்ன? தறிச் சத்தத்தில் பாதி காதில் விழாது. "ஆமாங்க மச்சான்" என்று சொல்லிவைப்பேன்.

இந்த மீன்தான் அண்ணனுக்கும் தங்கைக்கும் நடுவில் வந்தது. மூன்று வருடத்துக்கு முன் எங்கள் மகள் பிரீத்திக்குக் காதுகுத்து வைத்தோம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். மாமனுக்கு அதைவிடப் பெரிய மரியாதை எங்கள் பக்கத்தில் கிடையாது. மச்சானுக்குத் தூத்துக்குடியில் லோடு தள்ளிப்போய்விட்டது. "வண்டிய ஆருகிட்டயும் உட்டுப்போட்டு வர முடியாது சாமி" என்று தங்கையிடம் சொல்லிவிட்டார். அதையாவது அவள் பொறுத்திருப்பாள். ஆசாரி கம்பியைக் கையில் எடுத்த நேரத்தில் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு போட்டோ வந்து விழுந்தது. ஒரு முழ நீளத்துக்குப் பாறை மீன், பக்கத்தில் வாயெல்லாம் பல்லாக மச்சான். கீழே, 'பிரீத்திக் கண்ணுக்காக மாமன் பிடித்த மீன்.'

பாசத்தில்தான் போட்டார். ஆனால் பாசத்தைக் காட்டவும் ஒரு நேரம் காலம் வேண்டாமா? சௌந்திரத்தின் பெரியப்பா மகன் மடியில் குழந்தையை உட்கார வைத்துக் குத்தினோம். அன்றிலிருந்து சௌந்திரம் அண்ணனிடம் பேசவில்லை. பொங்கல் சீர் கொண்டுவந்தால் வாங்கி வைப்பாள், முகத்தைப் பார்க்க மாட்டாள்.

இந்த மாசியில் சின்னவன் தனுஷுக்குக் காதுகுத்து வந்தது. வெள்ளிக்கிழமை, குலதெய்வக் கோயிலில், பத்தரைக்குள். நான்தான் மச்சானுக்குப் போன் போட்டேன். "வாரேன் மாப்ள, எப்படியும் வாரேன்" என்றார். பக்கத்தில் நின்ற சௌந்திரம் என்னிடம், "இந்தத் தடவையும் வராட்டி இனி எங்க ஊட்டுப் படியேற வேண்டாம்னு சொல்லிப்போடுங்க" என்றாள். சொன்னால் சொன்னதுதான், அவள் சுபாவம் அப்படி.

புதன்கிழமை மச்சான் தூத்துக்குடியில் இருந்தார். மறுநாள் லோடு ஏறிவிடும். சாயங்காலம் ஒரு மணி நேரம்தானே என்று தூண்டிலோடு போயிருக்கிறார். இறாலுக்குப் பதிலாக, மடவை மீன் பிடிக்க மைதா மாவை உருட்டிப் போட்டார். மடவைக்குப் பதிலாக முட்டை வடிவத்தில், உடம்பெல்லாம் புள்ளியாக ஒன்று மாட்டியது. பார்த்தால் நம் ஜிலேபி மீன் மாதிரியே இருந்ததாம். பூலாம்பட்டிக் காவிரியில் சின்ன வயதிலிருந்து ஜிலேபி பிடித்த கை சும்மா இருக்குமா? தலைப் பக்கமிருந்து தடவி, முதுகு முள்ளைப் படிய வைத்து, உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்தார்.

அது ஓரா. முதுகிலும் வயிற்றிலும் விஷ முள், வலது உள்ளங்கையில் ஆழமாக இறங்கிவிட்டது. பாசி தின்கிற மீன், அவர் வழக்கமாகப் போடும் இறாலுக்கு வராது. அதனால் அத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அவரிடம் மாட்டியதில்லை. பக்கத்தில் தூண்டில் போட்டிருந்த உள்ளூர்க்காரர் ஓடிவந்து, "ஓராவப் போயி உள்ளங்கையில பிடிப்பாங்களா அண்ணாச்சி? சுடுதண்ணி வைங்க, தாங்குற சூட்டுல கைய முக்குங்க" என்றார். லாரியில் சமைக்கிற அடுப்பிலேயே தண்ணீர் வைத்தார்கள். வலி கொஞ்சம் அடங்கியது. ஆஸ்பத்திரியில் முள்ளை எடுத்து, ஊசி போட்டு, கட்டுக் கட்டினார்கள். ஆனால் வலது கை பன்னு மாதிரி வீங்கி விரல் மடங்கவில்லை. "ரெண்டு நாள் இருந்து, கை சரியானதும் வண்டிய எடுங்க" என்று ஓனர் சொல்லிவிட்டார்.

இதெல்லாம் எங்களுக்கு அப்போது தெரியாது. வியாழக்கிழமை முழுக்க அவர் போனை எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஒன்பதரை மணிக்குக் கோயிலிலிருந்து மறுபடி போட்டேன். வேறு யாரோ எடுத்தார்கள்.

"நான் திருச்செங்கோட்டு டிரைவர் முருகானந்தமுங்க. செங்கோடண்ணன் வண்டிய நான்தான் ஓட்டிக்கிட்டு வாரேன். போன வண்டியிலயே மறந்துட்டாருங்க, சீட்டுக்கடியில கெடந்தத இப்பத்தான் சத்தங் கேட்டு எடுத்தேன். கை வீங்கிப்போச்சு. இருந்தாலும் தங்கச்சி மகன் காதுகுத்துன்னு சாவிய என்ர கையில குடுத்துப்போட்டு நேத்து ராத்திரியே பஸ் ஏறிட்டாரு."

சௌந்திரத்திடம் சொன்னேன். பெரியப்பா மகன் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு உட்காரப் போனபோது, "கொஞ்சம் பொறுங்க" என்றாள். ஆசாரி ராகு காலம் வந்துவிடும் என்று முணுமுணுத்தார். "வரட்டும்" என்றாள்.

பத்தேகால் இருக்கும். கலைந்த தலை, கசங்கிய சட்டை, கையில் கட்டோடு மச்சான் வாசலில் செருப்பை உதறிவிட்டு ஓடிவந்தார். மூன்று பஸ் மாறியிருக்கிறார். இடது கையால் பையனை வாங்கி மடியில் அணைத்துக்கொண்டார். தனுஷ் ஊரே கேட்கிற மாதிரி அழுதான். எனக்கும் கண் கலங்கியது, மறைப்பதற்கென்ன.

பந்தியில் மச்சான் இலைக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார். வலது கை மடங்காது, இடது கையால் எப்படிச் சாப்பிடுவது? "பசியில்லை" என்று எழப் போனார். சௌந்திரம் வந்து எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். சாம்பார் சோற்றைப் பிசைந்து உருட்டினாள்.

"வாயத் தொறங்க."

மூன்று வருடம் கழித்து அண்ணனிடம் பேசிய முதல் வார்த்தை. அவர் வாயைத் திறந்தார். மூன்றாவது உருண்டைக்கு அவள் தெரிந்துகொண்டே கேட்டாள்:

"வண்டிய ஆருகிட்டங்ணா உட்டுப்போட்டு வந்தீங்க?"

"ஆருகிட்ட உட்டா என்ன சாமி" என்றார் மச்சான். அடுத்த உருண்டைக்கு வாயைத் திறந்துகொண்டார்.