கோயில் மாத்திரை

மாசி பிறந்தால் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் இருக்கும் பெண்கள் நாங்கள் மருந்து வாங்க நிவித்திகல டவுன் பாமசிக்குப் பஸ் ஏறுவோம். தோட்டத்து அம்மன் திருவிழாவில் தீட்டு வந்துவிடக் கூடாது; தள்ளிப்போட ஒரு சின்ன வெள்ளை மாத்திரை. பிள்ளை வரம் கேட்டுப் பால்குடம் நேர்ந்திருந்தேன் நான். பதினோரு மாசிகள் அதை விழுங்கினேன்.

மற்ற மாதங்களில் அந்த நாட்களில் நான் மனுஷியே இல்லை. கொழுந்துக் கூடையோடு செடிகளுக்கு நடுவே குந்திவிடுவேன். இடுப்புக்குள் யாரோ ஈரத்துணி பிழிவார்கள், உதறுவார்கள், மறுபடி பிழிவார்கள். அடுத்த நிரையில் நிற்கும் அக்கா கத்துவார்:

“மகாராணி உக்காந்துட்டாங்க, குடை பிடிங்கடி!”

“ஒரு புள்ளய பெத்தா எல்லாம் சரியாப் போயிரும்,” என்பார் மாமியார்.

பிள்ளைதான் வரவில்லையே.

திருவிழா நாட்களில் மட்டும் வலி இருக்காது. தலையில் குடம், கழுத்தில் வழியும் பால், வெறுங்காலில் மேடு ஏறுவேன். “பாத்தியா, ஆத்தா ஒன்னையத் தாங்குறா,” என்று மாமியார் கண் துடைப்பார். நம்பினேன். கொடி இறங்கிச் சில நாளில் இரத்தம் கொட்டும், வலி சுருட்டும். என்ன குற்றம் செய்தேன், ஏன் கையை எடுத்துவிட்டாள் என்று அழுவேன்.

முப்பத்தேழு வயதில் கொழுந்து மலையில் மயங்கி விழுந்த பிறகு இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். வயிற்றில் சிறு துளையிட்டுப் பார்த்தார்கள். டொக்டரம்மா சிங்களத்தில் நிதானமாகச் சொன்னார்: கருப்பைக்குள் இருக்கும் சவ்வைப் போன்ற ஒன்று வெளியேயும் படர்ந்திருக்கிறது; மாதாமாதம் அங்கேயும் கசிந்து, புண்ணாகி, உள்ளுறுப்புகளை ஒட்டவைத்திருக்கிறது. “பொய் வலி இல்ல, தங்கச்சி. எப்பவோ வந்திருக்கணும்.”

அவர் எழுதிக் கொடுத்ததை வாங்கிப் பார்த்தேன். அதே அட்டை. அதே வெள்ளை.

“இது எங்க கோயில் மாத்திரைங்களே, டொக்டர்.”

அவர் சிரிக்கவில்லை. “தினமும் போட்டா வலி அடங்கும். போடுற வரைக்கும் புள்ள தங்காது. புள்ள வேணும்னா நிப்பாட்டணும். வலி திரும்பி வரலாம்.”

அப்படியென்றால் என்னைத் தாங்கியது யார்?

பிள்ளைக்காக இரண்டு வருஷம் மாத்திரையை நிறுத்திப் பார்த்தேன். அந்த வருஷங்களைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறேன். ஒரு காலை, என் கணவரே அட்டையைக் கிழித்து, தண்ணீரோடு நீட்டினார். “போதும், புள்ள.”

இப்போது நாளுக்கொன்று. தீட்டு இல்லை, வலியும் அநேகமாக இல்லை. எந்தத் திருவிழாவுக்கும் நான் தயார். இந்த மாசியிலும் குடம் எடுத்தேன்.

“என்னம்மா வேண்டுதல்?” என்றார் பூசாரி.

பழகிய சொல் நாக்குவரை வந்தது. விழுங்கினேன்.

“சும்மாதாங்க சாமி.”