பாம்புக் கூண்டுக்குப் பால்

எங்கள் அப்பாவிடம் அவருடைய வெல்டிங்கைக் குறை சொல்லிவிட்டு யாரும் நிம்மதியாக இருந்ததில்லை. ஒருமுறை, எதிர்வீட்டுக்குப் போட்ட கேட் சாய்ந்திருக்கிறது என்று அம்மா வாய் தவறிச் சொல்லிவிட்டாள். கேட் நேராகத்தான் இருக்கிறது, வீட்டைத்தான் கோணலாகக் கட்டியிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு ராத்திரி சாப்பிடாமல் படுத்துவிட்டார். அப்பேர்ப்பட்ட மனுஷனுக்குத்தான் விஷப்பாம்புக்குக் கூண்டு செய்கிற வேலை வந்தது.

ஓசூரில் கம்பெனி வேலையை விட்டுவிட்டு பாகலூர் ரோட்டில் சொந்தப் பட்டறை போட்டிருந்தார். கேட், ஜன்னல் கிரில் தவிர ஒன்றும் வரவில்லை. மறுபடி ஷிஃப்ட்டுக்கே போகவேண்டியதுதான் என்று வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தபோது, எல்லைக்கு அந்தப் பக்கத்து மிருகக்காட்சிசாலையிலிருந்து ஒரு டாக்டர் வந்தார். அமெரிக்காப் பாம்பாம், வாலை ஆட்டினால் கிலுகிலுப்பைச் சத்தம் வருமாம். முன்பக்கம் கண்ணாடி, பின்பக்கம் இரட்டைக் கதவு. “இது முட்டை போடாது, குட்டி போடும். குட்டி பென்சில் தண்டிதான் இருக்கும். எங்கேயும் சந்து இருக்கக் கூடாது” என்றார். இது சரியாக வந்தால் மற்ற கூண்டுகளும் நமக்கே.

“எறும்பு நுழைஞ்சாக்கூட நான் இந்தத் தொழிலையே விட்டுடறேன் சார்” என்றார் அப்பா.

கண்ணாடிக்கு மேலே சல்லடை வைத்து, பாம்பின் சத்தம் வெளியே கேட்க வேண்டும் என்பது டாக்டரின் ஆசை. கூண்டு முடிந்ததும், கேட்கிறதா என்று பார்க்க, இரண்டாம் வகுப்பு படித்த என்னை அப்பா உள்ளே உட்காரவைத்து, தம்பிப் பாப்பாவின் கிலுகிலுப்பையைக் கையில் கொடுத்தார். ஆட்டினேன். “இன்னும் கோவமா ஆட்டும்மா” என்றார். முடிந்தவரை கோபப்பட்டேன். கேட் செய்யச் சொல்ல வந்த ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

உள்ளே பின்மூலையில், தரையோரமாக, கோடு மாதிரி வெயில் விழுந்திருந்தது. சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். “கூண்டு மூலையில வெயில் வருதும்மா, அழகா இருக்கு.”

அம்மா குழம்பைக் கிளறுவதை நிறுத்தினாள். “அப்பாகிட்ட சொன்னியா?”

“இல்ல.”

“சொல்லாத.”

மறுநாள் காலையில், டாக்டர் வருவதற்கு முன் கூண்டுக்குப் பூஜை. கற்பூரம் காட்டியதும், பட்டுப்புடவையில் நின்ற அம்மா பால் சொம்போடு முன்னால் வந்தாள்.

“நாகராஜா குடிபோற வீடு. பால் ஊத்தாம அனுப்பக் கூடாதுங்க.”

“அது அமெரிக்காப் பாம்புடி, இதெல்லாம் அதுக்குப் பழக்கமில்ல.”

“எந்த ஊரா இருந்தா என்ன, பாம்புதானே?”

கதவுகளைத் திறந்து உள்ளே போய், நடுவில் ஊற்றாமல் நேராகப் பின்மூலையில் ஊற்றினாள். கொஞ்ச நேரத்தில் பால் மூலைக்கு அடியிலிருந்து பின்பக்கமாக வெளியே வந்து அப்பாவின் செருப்பை நனைத்தது. அம்மா கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டாள். அப்பா பாலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “சாமியே காட்டிக் குடுத்துட்டாரு” என்று சொல்லிவிட்டு வெல்டிங் ராடைக் கையில் எடுத்தார்.

மத்தியானம் டாக்டர் வந்து மூலைக்கு மூலை பென்சிலால் குத்திப் பார்த்தார். எங்கேயும் நுழையவில்லை. மற்ற கூண்டுகளும் வந்தன, அப்பா ஷிஃப்ட்டுக்குப் போகவில்லை.

நாகராஜாவின் மகிமையைப் பள்ளிக்கூடம் முழுக்கச் சொன்னேன். எங்கள் தெருமுனைப் புற்றுக்குக் கூப்பிட்டால்கூட அம்மா போனதே இல்லை என்பது அப்போது தோன்றவில்லை.

அதற்குப் பிறகு எந்த வேலை முடிந்தாலும் அப்பா ஒரு பால் பாக்கெட் வாங்கிவந்து அம்மா கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். பாம்புக் கூண்டுக்குச் சரி, தண்ணீர் டேங்க் ஸ்டாண்டுக்கும் கல்யாண மண்டப கேட்டுக்கும் எதற்குப் பால்? அப்பாவுக்குப் பக்தி முற்றிவிட்டது என்று நினைத்தேன். அம்மா மெதுவாக ஒரு சுற்று வருவாள், எங்கேயாவது ஓரிடத்தில் ஊற்றுவாள். சில நாள் சுற்றிப் பார்த்துவிட்டு, பாக்கெட்டைப் பிரிக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவாள். அன்றைக்குப் பாயசம்.

அந்த டம்ளரை வாங்கும்போது அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். இந்த மனுஷனுக்குப் பாயசம் என்றால் இவ்வளவு உயிரா என்றுதான் நினைத்துக்கொள்வேன்.