சவுத்தாலில் போட்ட கடிதம்

ஒரு பெண்ணின் கலியாணத்தை நான் மொட்டைக் கடிதம் எழுதிக் குழப்பினேன். அந்தப் பெண்மீது எனக்கு எந்தக் கோபமும் இருக்கவில்லை. அவளுடைய தகப்பனைப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

தகப்பன் மலேசியத் தமிழர். ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். பதினெட்டு வயதில் சிங்கப்பூரில் பிரிட்டிஷ் ஆமியில் சேர்ந்து, போர்னியோக் காட்டில் சண்டை பிடித்து, பட்டாளத்தோடு இங்கிலாந்து வந்து, அதிலிருந்து விலகியபின் லண்டனில் பஸ் ஓட்டினார். முகாமில் ஒரு வெள்ளைக்காரச் சிப்பாயிடம் கிட்டார் பழகியிருந்தார். அமெரிக்க மாட்டுப் பண்ணைக்காரர்களின் கன்ட்ரி பாட்டுத்தான் அவருக்கு உயிர். சனிக்கிழமைகளில் ஒரு பப்பின் மேல்மாடியில் பாடுவார். எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களின் பிறந்தநாள் விழாக்களுக்கும் அகன்ற தொப்பியோடும் கூர்மூக்குப் பூட்ஸோடும் வந்து நிற்பார். ஆங்கிலப் பாட்டுகளுக்கு நடுவே, தோட்டத்து லொறியில் ரப்பர் பால் ஏற்றிப்போன தன் அப்பாவைப் பற்றித் தானே தமிழில் கட்டிய பாட்டொன்றும் வரும். நல்ல குரல். அதை அப்போது நான் யாரிடமும் ஒத்துக்கொண்டதில்லை.

எனக்கு ஆமிக்காரன் என்றால் ஆகாது. ஊரில் என் தம்பியை விசாரணைக்கென்று கூட்டிப்போன ஆமி அவனைத் திருப்பி அனுப்பவில்லை. எந்த நாட்டுச் சீருடை என்று பார்த்து வெறுக்கிற பொறுமை அதற்குப் பிறகு எனக்கு இருக்கவில்லை.

ஊரில் சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம். தெற்கு லண்டனில், கோலியர்ஸ் வுட்டில் ஓர் அறுபதாம் பிறந்தநாள். இரண்டு பாட்டுக்கிடையில் அவர் போர்னியோ ஆற்றைத் துவக்கோடு கடந்த கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் முன்மேசையில் இருந்தபடியே கேட்டேன்.

"அவங்கள் உங்களுக்கு என்ன செய்தவங்கள் எண்டு சுட்டனீங்கள்?"

"ஒன்னும் செய்யலைங்க. அவங்களும் என்னையச் சுட்டுக்கிட்டுத்தான் இருந்தாங்க."

"கூலிக்குச் சுடுறதும் ஒரு வேலையே?"

அவர் மைக்கை விட்டு விலகாமலே மலேசிய இழுவையில் சொன்னார். "வாத்தியாரையா, உங்க ஊர்ல சண்டை வந்ததும் நீங்க பிளேன் ஏறினீங்க. நான் சண்டை நடக்கிற ஊருக்குப் பிளேன் ஏறினேன். திசைதான் வேற லா."

மண்டபம் சிரித்தது. பக்கத்தில் இருந்த என் மனைவியும் சிரித்தாள். தம்பியைத் தேடி ஒரு முகாம் வாசலிலும் நிற்காமல் விமானம் ஏறியவன் நான். அது அவருக்குத் தெரியாது. தெரியாமல் சொன்னது சரியாக வந்து விழுந்தது.

அவருக்கு ஒரே மகள். தாய் இறந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் மருந்தாளராக இருந்த மகளுக்கு, சட்டன் பகுதியில் இருந்த ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பையனோடு கலியாணம் நிச்சயமாகியிருந்தது. இருவரும் விரும்பித்தான். பையனின் தாய் எங்கள் கோயிலுக்கு வருகிறவர். அந்த வழியில் எனக்குச் செய்தி வந்தது.

எங்கள் ஆட்களிடையே சம்பந்தம் பேசினால் மொட்டைக் கடிதம் வருவது புதிதல்ல. என் அக்காவின் கலியாணப் பேச்சிலும் ஒன்று வந்தது. அதை எழுதியவனைச் சாகும்வரை திட்டிய தாயின் பிள்ளைதான் நான். இருந்தும் பையன் வீட்டுக்கு எழுதினேன். பெண்ணின் தகப்பன் ஆமியில் இருந்தபோது சொந்தத் தோட்டத்துச் சனத்தையே சுட்டவர் என்றும், மலேசியாவில் அவருக்கு இன்னொரு மனைவியும் பிள்ளையும் உண்டு என்றும். இரண்டும் நான் கட்டியவை. இருபது வருடம் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதப் படிப்பித்தவன், இடது கையால், வேண்டுமென்றே பிழைகள் விட்டு, ஒன்றரைப் பக்கம் எழுதினேன். தெற்கு லண்டன் முத்திரை விழக்கூடாதென்று மேற்கே சவுத்தால்வரை போய்த் தபாலில் போட்டேன். வரும் வழியில் ரயிலில் நன்றாக நித்திரை கொண்டேன்.

கலியாணம் நின்றது. சாதகம் பொருந்தவில்லையாம் என்றார்கள். அவர்கள் கடிதத்தை நம்பிவிட்டார்கள் என்று நினைத்தேன். நம்பும்படியான ஆளாக அவர் இருந்தால் அது என் குற்றமா என்றுகூட ஒரு நியாயம் வைத்திருந்தேன்.

மூன்று வருடம் கழித்து, கோயில் அன்னதான வரிசையில் பையனின் தாய் எனக்கு முன்னால் நின்றார். பேச்சு அந்தக் கலியாணத்துக்குப் போனது.

"அது நல்ல பிள்ளை அண்ணை. ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. நாங்கள் நம்பேல்லை."

"பிறகேன் விட்டனீங்கள்?"

"கடிதம் வாற வீட்டில சம்பந்தம் வைக்கேலுமே? இண்டைக்கு அவையைப் பற்றி எழுதினவன் நாளைக்கு எங்களைப் பற்றி எழுதுவான். கிழிச்செறிஞ்சிட்டன். அவையளுக்கும் சொல்லேல்லை. உங்களுக்குத்தான் வாய்விட்டுச் சொல்லுறன்."

யாரும் நம்பாத பொய் ஒரு கலியாணத்தை நிறுத்தியிருந்தது. என் கையிலிருந்த நியாயம் அந்த வரிசையிலேயே போய்விட்டது.

அடுத்த ஞாயிறு பெண்ணின் தகப்பன் வீட்டுக்குப் போனேன். கிட்டாருக்குக் கம்பி மாற்றிக்கொண்டிருந்தார். அப்படியொரு கடிதம் போனதையும் எழுதியது நான் என்பதையும் நின்றபடியே சொன்னேன். அவர் இருக்கச் சொல்லவில்லை.

"எத்தனை பக்கம்?"

"ஒண்டரை."

"முழுசாச் சொல்லுங்க."

சொன்னேன். அவர் கம்பியை முறுக்குவதை நிறுத்தவில்லை.

"ஒரு பேச்சுக்கு உங்களைப் பார்த்துச் சிரிக்க வெச்சேன். அதுக்கு என் கன்னத்துல ஒன்னு விட்டிருக்கலாம். அவ என்னங்க பண்ணா?"

"நான் என்ன செய்யவேணும் எண்டு சொல்லுங்கோ."

"கூட்டத்துல சொல்லணும். மைக்ல. நானே புடிச்சுத் தரேன்."

"மகளுக்கு?"

"அவகிட்ட நான் பேசிக்கிறேன்."

அவர் மகளிடம் பேசவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

தீபாவளி ஒன்றுகூடல், பிற்பகல். மூன்று பாட்டுப் பாடிவிட்டு மைக்கை என்னிடம் தந்தார். நான் எழுதியது இன்னது, இன்னது, எல்லாம் பொய் என்று வாசித்தேன். பொய் என்பதை மூன்று தடவை சொன்னேன். பின்னாலிருந்து ஒரு குரல், "தூ, நீயெல்லாம் ஒரு வாத்தி." என் மனைவி எழுந்து வெளியே போனாள்.

மூன்றாம் வரிசையிலிருந்து அவருடைய மகள் வந்தாள். என் கையிலிருந்த மைக்கை வாங்கி அதன் சுவிட்சை அணைத்தாள்.

"அங்கிள், இதுவரைக்கும் ஒரு ஃபேமிலிக்குத்தான் தெரியும். இப்ப ஹால் முழுக்கத் தெரியும்."

பிறகு தகப்பனைப் பார்த்து, "என்னைக் கேட்டீங்களாப்பா?"

"உன் பேருக்காகத்தான்மா."

"ஜாதகம்னு நினைச்சு நான் அதை மறந்துட்டேன். உங்க ரெண்டு பேருக்கும்தான் மறக்கல."

அடுத்த கிழமையே கடையில் சனம் பேசியதைக் கேட்டேன்: நெருப்பில்லாமல் புகையுமோ, மலேசியாவில் ஒருத்தி இருக்கத்தான் செய்வாளாம். மூன்று தடவை சொன்ன பொய் என்ற சொல் ஒருவர் காதிலும் நிற்கவில்லை. அவரைப் பாட அழைப்பது குறைந்து, பிறகு நின்றது. மகள் வடக்கே லீட்ஸ் நகரத்துக்கு வேலை மாற்றிக்கொண்டு போனாள். அவளுக்குப் பெயரும் முகவரியும் இட்டு ஒரு கடிதம் எழுதினேன். பிரிக்கப்படாமல் திரும்பி வந்தது. அதில் குறை சொல்ல எனக்கு இடமில்லை.

மாசியில் கோலியர்ஸ் வுட் ஸ்டேஷன் வாசலில் அவரைக் கண்டேன். ஒதுங்கிப் போவார் என்று நினைத்தேன். நேரே வந்தார்.

"சொல்லிட்டீங்க. மனசு லேசாச்சா ஐயா?"

"இல்லை."

"நல்லது," என்றுவிட்டு, படியிறங்கிப் போனார்.