பட்டுத்துணி சுற்றிய டேப் ரிக்கார்டர்

எங்கள் பள்ளிக்கூடத்துப் பாட்டுப் போட்டியில் அதுவரை பரிசு என்றால் ஒரு சோப்பு டப்பாதான். நான் ஒன்பதாம் வகுப்புப் படித்த வருஷம், முதல் பரிசு வாங்குகிறவனின் பாட்டை டேப் ரிக்கார்டரில் பதிவு செய்யப் போவதாக அறிவித்தார்கள். மலேயாவில் கடை வைத்துச் சம்பாதித்துவிட்டுக் கீரமங்கலம் திரும்பிய பிரமுகர் ஒருவர் அந்த மெஷினைப் பள்ளிக்கு நன்கொடையாகத் தந்திருந்தார்.

ஆனி மாதம் போட்டி நடந்தது. நான்தான் ஜெயித்தேன். பெருமைக்குச் சொல்லவில்லை, எதிர்த்துப் பாடிய மூவரில் இருவர் பாதியில் பாட்டை மறந்தார்கள், ஒருவன் மேடையைப் பார்த்ததும் அழுதுவிட்டான். என் குரல் நன்றாக இருக்கிறது என்று ஊரே சொல்லும். எப்படி இருக்கிறது என்று எனக்குத்தான் தெரியாது. பாடுகிறவன் காதுக்குக் கேட்பது வேறு, எதிரே இருப்பவனுக்குக் கேட்பது வேறு என்று பாட்டு வாத்தியார் சொல்லியிருந்தார். அந்த எதிரே கேட்கும் குரலை ஒரே ஒரு தடவை நானும் கேட்டுவிட வேண்டும். ஆசை அவ்வளவுதான்.

"இன்னைக்கே பாடிரவா சார்?" என்று ஹெட்மாஸ்டரிடம் கேட்டேன்.

"குடுத்தவுக கை படாம நாம தொடுறதாடா? மொதல்ல அவுக வந்து சுவிட்சைப் போடணும். மருவாதி வேணாமா?"

மெஷினுக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, பட்டுத்துணி சுற்றி பீரோவில் பூட்டினார். சாமி சிலையாக இருந்தால்கூட வெள்ளிக்கிழமையாவது திறந்திருப்பார்கள். ஆடி பிறந்தது, புது மெஷினை ஆடியில் தொடங்கலாமா? ஆவணியில் பிரமுகர் வீட்டில் கல்யாணம். புரட்டாசியில் அவர் திருப்பதிக்குப் போனார். ஐப்பசியில் மழை. மாதம் தவறாமல் நான் போய் பீரோ முன்னால் நின்றேன்.

"ஏண்டா பறக்குற? ஒன் தொண்டை எங்கிட்டுடா ஓடிப்போயிரப் போகுது?" என்றார் ஹெட்மாஸ்டர்.

கார்த்திகையில் ஓடிப்போய்விட்டது. ஒருநாள் காலையில் சோறு கேட்டேன். "யாருடா அது, தகர டப்பாவுல கல்ல உருட்டுறது?" என்று அடுப்படியிலிருந்து அம்மா சிரித்தாள். மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போய் அழுதேன். அழுகையும் இரண்டு குரலில் வந்தது.

மார்கழி கூடாது என்று தள்ளி, தையில் விழா வைத்தார்கள். பிரமுகர் சுவிட்சைப் போட்டார். போட்டவர் மைக்கை விடவில்லை. கப்பலேறிய கதை, கடை வைத்த கதை, மெஷின் வாங்கிய கதை எல்லாம் சொல்லிவிட்டு, "இந்தத் தம்பி தொண்டையில குயிலு உக்காந்திருக்கு" என்று முடித்தார். என் பாட்டை அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. அதற்குப் பிறகு நான் பாடினேன். முதல் வரியிலேயே கூட்டம் சிரித்தது. ஹெட்மாஸ்டர் பாய்ந்து வந்து மெஷினை நிறுத்தினார். அதுவரை பதிவான என் ஒற்றை வரியையும், விழாவின் கௌரவம் கருதி, அழித்துவிட்டார்.

நான் பள்ளியை விடும்வரை ஒவ்வொரு ஆண்டுவிழாவிலும், பேச்சு மட்டும் மிஞ்சிய அந்த நாடாவை ஓடவிட்டார்கள். பிரமுகர் செருமுவதுகூடச் சுத்தமாகக் கேட்கும். என் குரல் எப்படி இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. குயில் என்று பதிவாகியிருக்கிறது. நம்பிக்கொள்ள வேண்டியதுதான்.