மூன்று டம்ளர் குடிதண்ணீர்

மாலை நான்கு பத்துக்கு அந்த மீன் நீர்மட்டத்துக்கு வந்து வேகவேகமாக வாயைத் திறந்து மூடத் தொடங்கியது. நேரம் இவ்வளவு சரியாக நினைவிருக்கக் காரணம், அப்பா தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி என் எதிரில் வைத்துவிட்டுப் போயிருந்ததுதான். இப்போது என் மகள் வீட்டில் கடல் மீன் வளர்க்க வேண்டும் என்கிறாள். உப்பு அளக்கும் கருவிகூடக் கடையிலேயே கிடைக்கிறதாம். நான் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுகிறேன்.

அன்று எனக்கு ஒன்பது வயது. தீவில், டெலானிபூர் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பாவுக்கு பாம்பூஃப்ளாட்டுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஃபெர்ரிப் படகில் இன்ஜின் பக்கம் வேலை. அன்று மதியம், வண்டூர் படகுக்காரர் ஒருவர் கொடுத்ததென்று, பிளாஸ்டிக் பையில் விரல் நீளத்துக்கு ஒரு நீல மீனைக் கொண்டுவந்தார். வால் மட்டும் மஞ்சள். கூடத்து மேசையில் கண்ணாடித் தொட்டி ஒன்று இரண்டு நாளாகக் கடல் தண்ணீரோடு காத்திருந்தது. அது அம்மாவுக்காக வாங்கியது.

அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பதினொரு நாள் ஆகியிருந்தது. தம்பியோடு வருவாள் என்று நான் காத்திருக்க, வெறுங்கையோடு வந்தாள். வந்தவள் உள் அறையில் சுவரைப் பார்த்துப் படுத்தாள். யாரோடும் பேசவில்லை. மெயின்லேண்டில் தாய் வீட்டில் இருந்தவள், பிள்ளை அப்பா பக்கத்தில் பிறக்கட்டும் என்று ஏழாம் மாதத்தில் கப்பலேறியிருந்தாள். வழியெல்லாம் கடல் கொந்தளிப்பு. சமைத்துப் போட வந்திருந்த அத்தை, அப்பாவின் அக்கா, கப்பலில் வராதே என்று தான் அப்போதே சொன்னதை, யார் வீட்டுக்கு வந்தாலும் ஒரு முறை சொல்லிவிடுவார், உள் அறைக்குக் கேட்கும்படி.

உயிருள்ள ஒன்று வீட்டில் அசைந்துகொண்டிருந்தால் அம்மா எழுந்து வருவாள் என்று அப்பாவிடம் யார் சொன்னார்களோ தெரியாது. அவர் நம்பினார். பையின் வாயைத் திறந்து, துணிக் கிளிப்பால் தொட்டி விளிம்பில் மாட்டி, தண்ணீரில் மிதக்க விட்டார்.

"பாப்பா, பத்து நிமிஷத்துக்கு ஒரு டம்ளர். தொட்டித் தண்ணிய மொண்டு பைக்குள்ள ஊத்து. தீரே தீரே, மெதுவா. ஜல்தி பண்ணினா போச்சு. புதுத் தண்ணி அதுக்குப் பழகணும்ல. அம்மா வந்து பாக்கும்போது உசுரோட இருக்கணும், என்ன?"

"பொண்டாட்டிக்கு ஒரு வாய் சோறு ஊட்ட வழியக் காணோம், மீனுக்குத் தண்ணி ஊட்ட ஆள் போடுறான்," என்றார் அத்தை, குழம்புக்கு மீன் அலசிக்கொண்டே. அப்பா ஃபெர்ரிக்குப் போய்விட்டார்.

நான்கு டம்ளர் ஒழுங்காக ஊற்றினேன். அதன்பிறகுதான் மீன் அப்படி வாயைப் பிளந்தது. தாகம் என்று நினைத்தேன். அது கோடை. எங்கள் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் வரும். தாகம் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். உப்புத் தண்ணீராகவே ஊற்றினால் யாருக்குத்தான் தாகம் எடுக்காது? சமையலறையில் அம்மாவுக்கென்று காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் மூடிய குடத்தில் இருந்தது. வேறு யாரும் அதைத் தொடக் கூடாது. அத்தை கழிவைக் கொட்டக் கொல்லைப்பக்கம் போனதும் ஒரு சொம்பு மொண்டு வந்து, அதிலிருந்து ஒரு டம்ளர் பைக்குள் ஊற்றினேன். மீன் சற்று அடங்கியது போலிருந்தது. அந்தத் தெம்பில் இன்னும் இரண்டு டம்ளர், கடிகாரத்தைப் பார்த்து, பத்து நிமிடம் பிசகாமல்.

எங்கள் தீவில் ஐந்து மணிக்கே வெளிச்சம் குறைந்துவிடும். அத்தை வந்து விளக்கைப் போட்டபோது மீன் ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தது. விரலால் தொட்டேன். நகரவில்லை.

"சொம்புல என்னடி? குடிதண்ணியா? கடல் மீனுக்கா? அட கூறுகெட்டவளே, கொன்னுட்டியே!" அத்தையின் குரல் ஏறிக்கொண்டே போனது. "என்ன சொல்லிட்டுப் போனான், நீ என்ன செஞ்சு வெச்சிருக்க? அப்படியே ஆத்தாள உரிச்சு வெச்சிருக்கு. அவளும் இப்படித்தான், சொல்லச் சொல்ல..."

அத்தை சட்டென்று நிறுத்தினார். உள் அறை வாசலில் அம்மா நின்றிருந்தாள்.

சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வந்தாள். குனிந்து பையைப் பார்த்தாள். நான் அடியை எதிர்பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் என் ஈரக் கையைப் பிடித்து இழுத்துத் தன் நைட்டியில் துடைத்தாள்.

"அவள ஏசாதீங்க மதினி." பேசிப் பல நாளான குரல், கரகரத்தது. "அவ கொல்லல. பிழைக்கட்டும்னுதான் ஊத்துனா."

அத்தை சொம்பை எடுத்துக்கொண்டார். நான் தப்பித்துவிட்டேன் என்று நினைத்தேன். அம்மா என் கையை விடவில்லை. இந்த முறை அத்தையையும் பார்க்காமல் மீனையும் பார்க்காமல், "அவ கொல்லல," என்றாள்.

முதல் முறை சொன்னதே எங்கள் இருவருக்கும் நன்றாகக் கேட்டிருந்தது. பிறகு எதற்காக அதையே திரும்பவும் சொல்கிறாள் என்று எனக்கு அன்று விளங்கவில்லை.