கேப்டன் நடராஜனின் கரிக்கோடு

கேப்டன் நடராஜன் காலமான செய்தி வந்தபோது நான் மலாக்காவுக்குப் போகும் நெடுஞ்சாலையில், ஓய்விடம் ஒன்றில் காரை நிறுத்திவிட்டு மழை விடக் காத்திருந்தேன். காலையில் அவர் மகள் மல்லிகா கூப்பிட்டு, "அப்பா உங்களப் பாக்கணும்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க, அங்கிள்" என்றிருந்தாள். உடனே கிளம்பினேன். சிரம்பான் தாண்டியதும் மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. முன்னால் போகும் லாரியின் சிவப்பு விளக்கு எப்போது கண்ணுக்கு மறைகிறதோ அப்போது ஒதுங்கிவிடுவது என்று முடிவு செய்துகொண்டேன். மறைந்தது, ஒதுங்கினேன். ஒதுங்கியிருப்பதை மல்லிகாவுக்கும் சொன்னேன். மறுபடி போன் அடித்தபோது அவள் அழுதுகொண்டிருந்தாள்.

அவரோடு பறந்தவர்களும், மலாக்கா காஜா பெராங்கில் அவர் வீட்டில் பசியாறியவர்களும் இதைப் படிப்பீர்கள். நான் ஏன் ஒதுங்கினேன் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அவரை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். அவர் விமானி, நான் அவருக்குத் துணை விமானி.

"நான் பொறந்ததே டைவர்ஷன்லதான்" என்பார். இறங்க வேண்டிய ஊரில் இறங்க முடியாமல் வேறு ஊருக்கு விமானத்தைத் திருப்புவதை எங்கள் தொழிலில் அப்படித்தான் சொல்வோம். மலாயாவை ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் அவருடைய அப்பா லாரி ஓட்டினார். பெட்ரோல் கிடையாது. லாரியின் பின்னால் ஒரு பீப்பாயில் கரி எரியும், அந்தப் புகையில் இன்ஜின் ஓடும். பிரசவ வலி கண்ட மனைவியை ஏற்றிக்கொண்டு காஜா பெராங்கிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டவரை ஆற்றுப் பாலத்தில் ஜப்பானியக் காவலன் நிறுத்திவிட்டான். யாரோ பெரிய அதிகாரி வருகிறாராம். அப்பா இறங்கி, குனிந்து வணங்கி, நின்றார். கரி அணைந்துவிட்டால் லாரி மறுபடி எப்போது கிளம்பும் என்று சொல்ல முடியாது. அதனால் எரியவிட்டுத்தான் காத்திருக்க வேண்டும்.

அப்பாவிடம் ஒரு இரும்புக் கம்பி இருந்தது. அதைப் பீப்பாய்க்குள் விட்டுக் கரி எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பார். காவலன் நிற்கச் சொன்ன உடனேயே அந்தக் கம்பியில் ஆணியால் ஒரு கோடு கீறிவிட்டார். கரி அதற்குக் கீழே போனால், மருத்துவச்சி இருந்த புக்கிட் ரம்பாய்க்கும் போய்ச் சேர முடியாது. கரி அந்தக் கோடு வரை இறங்கியது. "இன்னும் கொஞ்சம் பாப்போங்க, வழி விட்டுருவான்" என்று மனைவி கெஞ்சினார். அப்பா காவலனை இன்னொரு முறை வணங்கிவிட்டு லாரியைத் திருப்பினார். நடராஜன் புக்கிட் ரம்பாயில் பிறந்தார்.

"அப்புறம் பாலத்தத் தொறந்தாங்களா, அண்ணே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"தெரியாது. எங்கப்பா அத விசாரிக்கவே இல்ல" என்றார்.

விமானம் ஓட்டியவர்களுக்குத் தெரியும், இறங்கப் போகிற நேரத்தில் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து 'காத்திருங்கள்' என்று ஒரு குரல் வந்தால் வானத்தில் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வர வேண்டும். கேப்டன் முதலில் வேகத்தைக் குறைப்பார். எதுவரைக்கும் காத்திருக்க வேண்டும் என்று கோபுரத்திடம் கேட்பார். பிறகு மெழுகுப் பென்சிலை எடுத்து எரிபொருள் காட்டும் முள்ளுக்குப் பக்கத்தில் கண்ணாடியில் ஒரு கோடு போடுவார். மாற்று விமான நிலையத்துக்குப் போகவும், அதற்கு மேல் கொஞ்சம் கையிருப்புக்கும் தேவையான அளவு அது. நாங்கள் எல்லோரும் அதைக் கரிக்கோடு என்றே சொல்வோம். கோபுரத்தை அவர் திட்டி நான் கேட்டதில்லை. "நிக்கச் சொல்றது அவன் வேல. எவ்வளவு நேரம் நிக்கலாம்னு எண்ணெதான் சொல்லணும்" என்பார். இன்னொன்றும் சொல்வார்: "ஆச வர்றதுக்கு முன்னாடி கோட்டப் போட்டுறணும், காசிம்."

அதன் பொருள் எனக்கு விளங்கியது மெட்ராஸிலிருந்து திரும்பிய ஒரு நாளில். அன்று விடியற்காலையில் மலாக்கா பண்டார் ஹிலிரில் என்னைப் பெற்ற உம்மா மவுத்தாகிவிட்டார். ஓட்டலுக்கு மாமா போன் செய்தார். "சாயங்கால அசர் தொழுகை வரைக்கும் அடக்கம் பண்ணாம வச்சிருக்கோம் தம்பி. அதுக்கு மேல முடியாது, வந்துரு." கேப்டனிடம் சொன்னேன். பயணியாக உட்கார்ந்து வா என்றார். ஆனால் எனக்குப் பதில் என் இருக்கைக்கு அங்கே வேறு ஆள் இல்லை. என் வேலையை நானே பார்க்கிறேன் என்றேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

கோலாலம்பூரை நெருங்கும்போது இடியும் மழையும். காத்திருக்கச் சொன்னார்கள். கேப்டன் கோட்டைப் போட்டார். சொன்ன நேரம் முடிந்ததும் இன்னும் கொஞ்சம் என்றார்கள். அதுவும் முடிந்தது. இன்னும் பத்து நிமிடம் என்று குரல் வந்தபோது முள் கோட்டைத் தொட்டுவிட்டது. "அண்ணே, பத்து நிமிஷம்தானே" என்றேன். மாற்று நிலையமான சிங்கப்பூருக்குத் திரும்பினால் உம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாது என்பது எங்கள் இருவருக்குமே தெரியும்.

அன்று ஓட்டியது அவர்; ரேடியோவில் பேசுவது என் வேலை. அவர் கையை நீட்டி, "நீ ஓட்டு. ரேடியோவ நான் பேசுறேன்" என்றார். திரும்புகிறோம் என்ற வார்த்தையை என் வாயால் சொல்ல வைக்கக் கூடாது என்று நினைத்திருக்கிறார். அவரே சொன்னார். நான் விமானத்தைத் தெற்கே திருப்பினேன்.

சிங்கப்பூரில் இறங்கியபோது கோலாலம்பூர் திறந்துவிட்டது என்றார்கள். எங்களோடு சுற்றிக்கொண்டிருந்த இன்னொரு விமானம் அங்கே நல்லபடியாக இறங்கியிருந்தது. கேப்டன் வாடகைக் கார் பிடித்து, சீருடையோடு என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார். மூவார் வழியாக மலாக்கா வந்து சேர்ந்தபோது பொழுது இறங்கிய மஃரிப் நேரம். அடக்கம் முடிந்து வெகு நேரமாகியிருந்தது. நான் உம்மாவின் கபுருக்கு முன்னால் நின்று துஆ செய்தேன். அவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வெளியே காத்திருந்தார்.

நான் திரும்பி வந்ததும் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நான் திருப்புனதாலதான் நீ உம்மா முகத்தப் பாக்கல. அத மறைக்க மாட்டேன். நாளைக்கு இதே மாதிரி வந்தாலும் திருப்பத்தான் செய்வேன்." அதுவரை வராத அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது. அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன். அன்று எல்லோரும் சொன்ன ஆறுதல்களில் என் நெஞ்சில் தங்கியது அது ஒன்றுதான்.

நெடுஞ்சாலையில் மழை விட்டு நான் காஜா பெராங் போய்ச் சேர்ந்தபோது அவரை நடுக்கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். இந்த முறையும் பிந்திவிட்டேன். முகமாவது பார்க்கக் கிடைத்தது. மல்லிகா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"'காசிம் எங்க வந்துக்கிட்டிருக்கான்'னு கேட்டாங்க, அங்கிள். மழைக்கு ஒதுங்கி நிக்கிறாருன்னு சொன்னேன். 'நல்லது'ன்னாங்க. அதுக்கப்புறம் பேசல."

அந்தக் கடைசி வார்த்தையை எனக்குச் சொன்னதாகவே வைத்துக்கொள்கிறேன்.